டவர் பாறையும் நாலாவது பேரும்

திருமலைச்சாமி அண்ணனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். வடகவுஞ்சி பஸ் ஸ்டாப்பில் மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவன் நான். பெயர் பொன்னுவேல். ஊரில் யார் யாரோடு பேசினாலும் என் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுதான் பேசியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், 2004 தை மாதம், திருமலைச்சாமி அண்ணன் நாயுடுபுரத்தில் ஒரு செல்போனை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அன்றைக்கே என் பிழைப்பில் மண் விழுந்தது.

அண்ணன் மலைவாழையும் பீன்ஸும் போடுகிற சம்சாரி. அஞ்சாம் வகுப்பு. தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுகிற ஆள். அந்த பெல்ட்டில் வெற்றிலைப் பை தொங்கிய இடத்தில் இப்போது செல்போன் உறை தொங்கியது. வெற்றிலைப் பை மடிக்குள் போய்விட்டது.

போன் என்றால் சோப்புக் கட்டி அளவு, சாம்பல் நிறம். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. தலையில் ஒரு டார்ச் லைட். அந்த டார்ச்சுக்குத்தான் மரியாதை. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று, எதிரில் இருப்பவன் மூஞ்சியில் டார்ச் அடித்துக் காட்டுவார். "தெரியுதா?" என்பார். "தெரியுதுண்ணே" என்பான் அவன், கண் கூசி.

அதில் ஒரு பாம்பு விளையாட்டும் இருந்தது. பாம்பு இரை தின்னத் தின்ன நீளும். தன் உடம்பிலேயே முட்டிச் சாகும். அண்ணன் கையில் அது மூன்றாவது இரையைப் பார்த்ததே இல்லை. "பட்டன் வழுக்குது" என்பார். ரப்பர் பட்டன் எப்படி வழுக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை கையில் தரமாட்டார்.

அலாரம் இன்னொரு கதை. போனை விற்ற கடைக்காரர் விளையாட்டாகக் காலை நாலரைக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். அதை நிறுத்த அண்ணனுக்குத் தெரியவில்லை. எதையோ அழுத்துவார், அடங்கும், பத்து நிமிஷத்தில் திரும்பக் கத்தும். கடைசியில் பீன்ஸ் சாக்குக்குள் புதைத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். எங்களிடமோ, "வெள்ளனே எந்திரிச்சாத்தான்யா விவசாயம்" என்று பேச்சு. எட்டு மாதம் அந்த மனுஷன் சரியாகத் தூங்கவில்லை. கௌரவம் மட்டும் குறையவில்லை.

எல்லா வசதியும் இருந்த அந்தக் கருவியில் பேசுவதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் டவர் கிடையாது. கீழே பழனிப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கிற சிக்னல்தான். அது அவர் வீட்டில் இல்லை, தோட்டத்தில் இல்லை, என் பூத்துக்கு எதிரே இருக்கிற மொட்டைப் பாறையின் உச்சியில் மட்டும் இருந்தது. ஒரு வாரத்தில் ஊர் அதற்கு டவர் பாறை என்று பேர் வைத்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு அண்ணன் அதன்மேல் ஏறுவார். பழனி மலையைப் பார்த்து நிற்பார். தலையைத் திருப்பினால் இரண்டு கோடு ஒரு கோடாகிவிடும் என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார். பிறகு கத்துவார். பழனிக்கு இங்கிருந்து கத்தினாலே கேட்டுவிடும், போன் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் பேசும் முறையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அதனால்தான் வந்தது. அப்போதெல்லாம் நிமிஷக் கணக்கு. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் இரண்டு நிமிஷம். அதனால் எதிர்ப்பக்கம் "ஹலோ" என்று சத்தம் வந்ததும் அண்ணன் மடையைத் திறந்துவிடுவார். வந்த விஷயம், சொல்லவேண்டியது, திட்டவேண்டியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, ஐம்பத்தஞ்சாவது விநாடியில் சிவப்புப் பட்டனை அமுக்கிவிடுவார். அந்தப் பக்கம் இருப்பவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தேவையே இல்லை. வீட்டிலும் அவர் பேச்சு அப்படித்தான், அங்கே நிமிஷக் கணக்கு இல்லாமலேயே.

இன்னொன்றும் உண்டு. போனில் பேர்களையெல்லாம் கடைக்காரர் இங்கிலீஷில் ஏற்றிக் கொடுத்திருந்தார். தமிழ் அதில் வராது. அண்ணனுக்கு ஏ, பி, சி-யில் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் கௌரவம் என்னாவது? மொத்தம் ஏழு பேர். வரிசையை மனப்பாடம் செய்துகொண்டார். முதலில் கமிஷன் கடை, அப்புறம் உரக்கடை, அப்படியே போகும். பட்டனை எத்தனை முறை கீழே தட்டினால் யார் என்பது விரலுக்குப் பழகிவிட்டது. எங்கள் முன்னால் மட்டும் திரையைக் கண்ணருகில் பிடித்து, உதட்டை அசைத்து, வாசிப்பதுபோல ஒரு நடிப்பு. பொண்டாட்டி பிள்ளை உட்பட ஊரே நம்பியது. பத்து வருஷமாக அவருக்கு நம்பர் போட்டுக் கொடுத்த நானும் நம்பினேன்.

ஆவணி பிறந்தது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற ஞானவேல், தன் மகன் மனோஜ்குமாருக்காக அண்ணன் மகள் ரம்யாவைப் பெண் பார்க்க வந்தார். ரம்யா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வீட்டில் கிடந்தாள். அண்ணனுக்கு சம்பந்தம் பிடித்துவிட்டது. சம்பந்தப் பேச்சு தொடங்கியபோதே ஞானவேலின் நம்பரையும் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்து, அது மூன்றாவதாக உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாலாவது, அண்ணி இருளாயியின் தம்பி ராமர்.

பெண் பார்க்கிற வேலையில் மூன்று நாளாக யாருக்கும் போன் போடாத அண்ணன், அவர்கள் வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை, பாறைமேல் ஏறினார். பஸ்ஸுக்குப் பத்துப் பதினஞ்சு பேர் காத்திருந்தோம். உதட்டை அசைத்தார், பட்டனைத் தட்டினார், "ஹலோ" சத்தம் வந்ததும் திறந்துவிட்டார்.

"மாப்ளே, நாந்தான். ஆயக்குடிக்காரவுங்க நேத்து வந்துட்டுப் போயிட்டாங்க. பையன் வாயத் தொறக்கல, ஆத்தா மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடக்கான். அப்பன் ஞானவேலு இருக்கானே, ஏழு இட்லி தின்னுட்டு எட்டாவதுக்குத் தட்டப் பாக்குறான். தோப்பு நாலு ஏக்கர்னு சொன்னானுக, விசாரிச்சா ஒன்றரைதான். ஆனாலும் விடக்கூடாதுடா. நம்ம பிள்ள படிக்கணும் படிக்கணும்னு மூணு மாசமா அழுதுக்கிட்டுக் கெடக்கு. வெரசா கட்டிக் குடுத்து அனுப்பிச்சிரணும். அவுங்க ஒன்கிட்ட கேட்டா, பிள்ளைக்குப் பூரண சம்மதம்னு சொல்லிரு. வச்சிர்றேன்!"

ஐம்பத்தஞ்சு விநாடி. முகத்தில் ஒரு திருப்தி. கீழே நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இட்லிக் கணக்கு சிரிப்பாக இருந்தது. பிள்ளை மூன்று மாதமாக அழுகிறது என்பது எங்களுக்கே புதிய செய்தி.

பாறையை விட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது. திரையில் பேர் வந்திருக்கும், வந்து என்ன? எடுத்து, "சொல்லு மாப்ளே" என்றார். செல்போன் வாங்கி எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அண்ணன் அதில் காது கொடுத்துக் கேட்டார். முகம் அவித்த சீமைக்கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

ஞானவேல் சொன்னது பழனி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு நாலு நாளில் எங்கள் காதுக்கு வந்தது. "மாப்ள இல்லீங்க, ஞானவேலு பேசுறேன். நான் தின்னது ஆறு இட்லிங்க. ஏழாவது, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஒங்க வீட்டுல வச்சது. தோப்பு ஒன்றரை ஏக்கர்தான், நாலுன்னு சொன்னது தரகரு. அதெல்லாம் கெடக்கட்டும். அழுகுற பிள்ளையக் கூட்டியாந்து நாங்க என்னங்க செய்ய? படிக்க வைங்க." அவ்வளவுதான். அவரும் ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்.

அண்ணன் நேராக என் பூத்துக்கு வந்தார். "பொன்னுவேலு, இது ரிப்பேரு. ராமருக்குப் போட்டா ஞானவேலுக்குப் போகுது."

வாங்கிப் பார்த்தேன். ஏழு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. எல்லாருக்கும் மேலே புதிதாக ஒரு பேர் உட்கார்ந்திருந்தது: அட்மிஷன். அது ஏ-யில் தொடங்குவதால் முதலில் வந்து, மற்ற ஏழையும் ஒருபடி கீழே தள்ளிவிட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எட்டு மாத வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "அண்ணே, கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன். முதல் பேரக் கொஞ்சம் வாசிங்க."

வாங்கினார். உதட்டை அசைத்தார். "கமிஷன் கடை" என்றார்.

பூத்துக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு இரண்டு நிமிஷம் இருந்தது.

பாறையிலிருந்து கத்தினால் அவர் வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? ரம்யா ஓடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சிரிப்பவர்களை அவள் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அது நான் போட்டதுப்பா. திண்டுக்கல்லுல நர்சிங் ஸ்கூல் நம்பரு. சீட்டு கெடச்சிருக்குன்னு போன வாரம் லெட்டர் வந்துச்சு. வர்றதா இல்லையான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போன்ல சொல்லணுமாம்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்றார் அண்ணன்.

"எப்பப்பா சொல்ல விட்டீங்க? வாயத் தொறந்தா நீங்க பேசி முடிச்சிருவீங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ இந்தப் போனப் பாக்குறீங்க. முதல் பேரா இருந்தா வாசிப்பீங்க, இது என்ன பிள்ளன்னு கேப்பீங்க, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சார்ஜு போட்டிருக்கும்போது ஏத்துனேன். மூணு நாளாக் கெடக்குப்பா. நீங்க கேக்கவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு என் வாயையே அடிக்கவேண்டும் போலிருந்தது. இத்தனை பேர் முன்னால் அவரை வாசிக்கச் சொன்னவன் நான்தானே. சமாளிக்கப் பார்த்தேன். "ஏம்மா, நம்ம பூத்துல வந்து பேசியிருக்கலாமே?"

"ஒங்க பூத்துல பேசுனா, நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அப்பாவுக்குத் தெரிஞ்சிரும் சித்தப்பா" என்றாள். எனக்கு வேண்டியதுதான்.

அண்ணன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்து நடந்தார். ரம்யா பின்னாலேயே போனாள். உச்சிக்குப் போனதும் போனை அவளிடம் நீட்டினார். பெண்பிள்ளை கையில் செல்போன் எதற்கு என்று என் பூத் வாசலில் எத்தனை முறை பேசியவர் அவர்! வழக்கம்போல சொல்லியும் கொடுத்தார்: "பழனிப் பக்கம் திரும்பி நில்லு. தலைய ஆட்டாத. சத்தமாப் பேசு."

அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள், காதில் வைத்தாள், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள். அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டாள். திரும்பப் பேசினாள். சிக்னலும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. கீழே நின்ற எங்களுக்கு ஒரு சொல் கேட்கவில்லை. எட்டு மாதம் இந்த மனுஷன் எதற்குக் கத்தினார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நிமிஷம் தாண்டியது. இரண்டு தாண்டியது. அண்ணன் கை மட்டும் பழக்கத்தில் பச்சை பெல்ட்டின் காலி உறையைத் தடவிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் ரம்யா போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அதற்கப்புறம் பேசியது மட்டும் கேட்டது.

"அப்பா, சீட்டு நமக்குத்தானாம். திங்கக்கிழம நீங்களும் கூட வரணுமாம். ஃபாரத்துல கையெழுத்துப் போடணுமாம்."

திருமலைச்சாமி அண்ணன் ஒருமுறை கீழே எங்களைப் பார்த்தார். பிறகு, அந்தப் பாறையில் நின்று அவர் ஒருபோதும் பேசியிராத சின்னக் குரலில் கேட்டார்.

"தமிழ்ல போடலாமான்னு கேளு தாயி."