உலகம் அரைக் கட்டை ஏறியது

கல்யாண வீட்டில் வயலின் வாசிப்பவனை, சாப்பிடும்போது எல்லாரும் பார்ப்பார்கள். வாசிக்கும்போது ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அந்தத் தொழிலில் தென்காசியில் இருபத்தெட்டு வருஷம் தள்ளியவன் என்ற ஒரே தகுதியில், நாட்டில் பரவியிருக்கும் ஒரு பொய் நம்பிக்கையை இன்று ஒழிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். சுருதி சுத்தமாக வாசிப்பவனுக்கு எந்த ஒலியைக் கேட்டாலும் அது எத்தனை கட்டை என்று தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். இது தவறு.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. எந்தக் கட்டையை ‘ஸ’ என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் அன்றைய சுருதி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்போம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வாசிப்பது ஒன்று. கதவு கிறீச்சிட்டதும் ‘மூன்று கட்டை’ என்று காதுக்குள் யாரோ அறிவிப்பது வேறொன்று. முன்னது கலை, பின்னது அரிப்பு. எனக்கு இரண்டும் உண்டு. அரிப்புள்ள சக நோயாளிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் அனுதாபம் தெரிவிக்க வேண்டாம்.

ஜெனரேட்டர்

எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுபவர் ஜெபா. இலத்தூர்க்காரர். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறு பாடகி. அவருக்கு ஐந்து கட்டை. ஒரு முகூர்த்தத்தில் அவர் ஐந்து கட்டையில் அருமையாகப் பாடிக்கொண்டிருக்க, மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் திரிசங்கு சொர்க்கத்தில் நின்று உறுமியது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பல் கூசியது.

இரண்டு பாட்டுக்கு நடுவில் இறங்கிப்போய் ஜெனரேட்டர்காரரிடம் விஷயத்தை விளக்கினேன். ஒன்று, இதைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “அண்ணாச்சி, இதை நிப்பாட்டிட்டா பாட்டு சுத்தமாத்தான் இருக்கும். மைக்குதான் பேசாது.”

சாரலில் தபேலா

குழுவின் உரிமையாளர் பாண்டி அண்ணாச்சி, தபேலாவும் அவரே. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் கச்சேரி என்றால், கூட்டத்துக்குக் குளிரும், தபேலாவுக்கு ஜன்னி வரும். சாரல் பட்டால் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். ஐந்தருவி போகிற வழியில் ஒரு விடுதியில் வரவேற்பு. அண்ணாச்சி சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றுகிறார். நான் “இன்னும் ஒரு நூல்” என்கிறேன். மறுபடி தட்டுகிறார். “அரை நூல்” என்கிறேன். என்னைச் சுத்தியலோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, தபேலாவைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டார். அண்ணாச்சி தபேலாவைக் குழந்தையைப்போலத் திருப்பித் திருப்பிக் காட்ட, நான் குடைக்குள் நின்று விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கடைக்காரர் பொறுமை இழந்தார்: “அண்ணாச்சி, வெந்திருச்சான்னு பாருங்க. அடுத்த ஈடு மொளகா பஜ்ஜி போடணும்.”

சட்டம்

எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். சுருதி விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. கச்சேரிக்கு முன் நான் வாயால் ‘ஸ’ கொடுப்பேன், எல்லாரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். இருபது வருஷத்தில் எந்த இயந்திரமும் என்னை மறுத்ததில்லை.

போன ஆடியில் மறுத்தது. சில மாதமாகவே எல்லாம் கொஞ்சம் தூக்கலாகப் படுவதும், நான் மைக் செட்காரரைத் திட்டுவதுமாக இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஒத்திகை மட்டும். நான் ஐந்து கட்டை கொடுத்தேன். ஜெபா அதில் சேராமல், பாடிப் பழகிய இடத்திலேயே எடுத்தார். என் காதில் ஐந்தரை. நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஐந்தரை. கீபோர்டு வாசிக்கும் செல்வினிடம் ஐந்தை அமுக்கச் சொன்னேன். அதுவும் ஐந்தரை! கீபோர்டில் எல்லாக் கட்டையையும் மொத்தமாக ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. அதைத்தான் கை தவறி அமுக்கியிருப்பான் என்றேன். செல்வின் திரையைக் காட்டினான்: பூஜ்யம். அப்படியானால் கீபோர்டு கெட்டுவிட்டது. திருநெல்வேலிக்கு ரிப்பேருக்கு அனுப்ப வைத்தேன். கோளாறு ஏதும் இல்லை என்று நாலு நாளில் திரும்பி வந்தது. அடுத்த ஒத்திகையில் ஜெபா போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து நீட்டினார். போனும் மனிதன் செய்ததுதானே என்றேன்.

“சார், நானு, கீபோர்டு, போனு மூணும் ஒரு பக்கம். நீங்க ஒருத்தர் ஒரு பக்கம். நான் கணக்கு டீச்சர் சார்” என்றார் ஜெபா. உண்மை ஓட்டெடுப்பில் முடிவாவதில்லை என்று பதில் சொன்னேன். பாண்டி அண்ணாச்சி தபேலாவை உறையில் போட்டுக் கட்டினார். “வாத்தியாரே, ஒம்ம காதை நம்பித்தான் இருவது வருசமா வண்டி ஓடுது. நீரு சொன்னா சரிதான். ஆவணிக்குப் பாட வேற பிள்ளையப் பாக்கேன்” என்றார். சட்டம் வென்றது. ஜெபா பாட்டு நோட்டை எடுத்துப் பையில் வைத்தார். வாசலில் நின்று திரும்பி என்னிடம் சொன்னார்: “அஞ்சு நாளு பள்ளிக்கூடத்துல கத்துதேன் சார். ரெண்டு நாளுதான் பாடுதேன்.”

மணி

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுழையும்போது மணி அடித்தது. முப்பது வருஷமாக நான் கேட்கும் மணி. சுத்தமான இரண்டு கட்டை. ஊரில் எனக்கு ஈடாகச் சுருதி நிற்கும் ஒரே ஜீவன் அதுதான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரண்டரை.

கீபோர்டு கெடலாம், போன் கெடலாம், டீச்சர் பிசகலாம். வெண்கலத்துக்கு அந்தப் பொத்தான் கிடையாது. நின்ற இடத்திலேயே நின்றேன். ஆனாலும் எளிதில் விட்டுக்கொடுக்கிறவன் அல்ல நான். வாசலில் இருந்த காவலாளியிடம் போய், மணியைச் சமீபத்தில் மாற்றினார்களா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: “மணிய எவன் மாத்துவான்? நேத்து அருவியில குளிச்சீரோ? காதுல தண்ணி ஏறியிருக்கும், குனிஞ்சு ஒரு குதி குதியும்.”

குதித்தேன். மணி மறுபடி அடித்தது, இரண்டரைதான்.

காது டாக்டர்

டாக்டர் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். கையைத் தூக்கியதோடு ஒவ்வொன்றும் எத்தனை கட்டை என்றும் சொன்னேன். அது தேவையில்லை என்றார். கடைசியில் விஷயத்தை உடைத்தார். பிறவியிலேயே இப்படிக் காது வாய்த்த சிலருக்கு ஐம்பது தாண்டினால் எல்லா ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து கேட்குமாம். மருந்து இல்லை. வலியும் இல்லை.

“அப்படியென்றால் இதுவரை பிழையாகப் பாடியவர்கள்?” என்று கேட்டேன். அவர் சீட்டில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்: “காதுல ஒரு கோளாறும் இல்ல சார். உலகம் இருந்த இடத்துலதான் இருக்கு. நீங்கதான் கொஞ்சம் மேல கேக்கீங்க.”

ஆவணி

வெளியே வந்து படியில் நின்றே பாண்டி அண்ணாச்சியைப் போனில் அழைத்தேன். உலகம் அரைக் கட்டை ஏறிவிட்டது என்றும், ஜெபா உலகத்தோடு சரியாகச் சேர்ந்துதான் பாடுகிறார் என்றும், அவரை விட்டால் நானும் வரமாட்டேன் என்றும் அறிவித்தேன். இலத்தூருக்கும் போய் இதையே சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் உபயோகிக்கவில்லை. ஜெபா காபி கொடுத்தார், சர்க்கரை போடவில்லை. குடித்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் குற்றாலத்தில். மேடையில் எல்லாரும் வழக்கம்போல என் வாயைப் பார்த்தார்கள். நான் ஜெபா பக்கம் திரும்பி, “ஸ கொடும்மா” என்றேன். கொடுத்தார். என் காதில் அது ஐந்தரை. வாயை மூடிக்கொண்டு பிருடையைத் திருகி, தந்திகளை அதோடு சேர்த்தேன். இரண்டு மணி நேரம் காதுக்குள் ஒருவன் ‘தப்பு, தப்பு’ என்று கத்தினான். விரல்கள் அவனைச் சட்டை செய்யவில்லை. அரிப்புதான் இடம் மாறியிருந்தது. கலையை எவனாலும் நகர்த்த முடியாது. ஒரு ஸ்வரம் பிசகியதென்று யாராவது நிரூபிக்கட்டும், வயலினை ஐந்தருவியில் போட்டுவிடுகிறேன்.

கச்சேரி முடிந்து பெட்டியை மூடும்போது ஜெபா பக்கத்தில் வந்தார்: “சார், இன்னைக்கும் நீங்க ஒரு பக்கந்தான். ஆனா உங்க வயலின் எங்க பக்கம் வந்துட்டு.”

இன்றும் எந்த ஒலியைக் கேட்டாலும் எத்தனை கட்டை என்று தயங்காமல் சொல்கிறேன். குழுவில் எல்லாரும் அதில் அரை கழித்துக்கொள்கிறார்கள்.