திரையில் ஒரு வரப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் கடைசி மருமகள். தாயில்லாமல் வந்தவளை மகள்களோடு மகளாக வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும்தான். அவளை உத்திரமேரூருக்கு பஸ் ஏற்றி கம்ப்யூட்டர் படிக்க வைத்தது நான்.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் இருக்கும். படித்த சென்டரிலேயே அவளுக்கு வாத்தியார் வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற புது சாஃப்ட்வேரை எப்படிச் சொல்லித் தருவது என்று ஓனருக்கும் அவளுக்கும் பேச்சு முற்றிவிட்டது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் தொடங்க வேண்டும் என்றார் அவர். கறுப்பைப் பார்த்த பொம்பளைங்க மறுநாள் வரமாட்டாங்க, முதலில் மவுஸால் தட்டுகிற படங்களைக் காட்டுவோம் என்றாள் இவள்.

"படத்தைத் தட்டிப் பழகினா, உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியாம கண்ணை மூடிக்கினு தட்டுவாங்கம்மா. சரி, உங்க மாமியாரைக் கூட்டிக்கினு வா. அவங்க தானா லினக்ஸை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா வேலை உனக்கு. நீ வாயத் தொறக்கக்கூடாது."

போனேன். ஏரி நிரம்பியிருந்த கார்த்திகை மாசம். ஜன்னலுக்கு வெளியே தூறல். சி.டி.யைப் போட்டதும் திரையில் நீலம் விரிந்தது. மவுஸை அசைத்தால் அம்புக்குறி தண்ணீர் மேல் தும்பி மாதிரி மிதந்தது. பாஷைகளின் வரிசையில் 'தமிழ்' என்று நம் எழுத்தைப் பார்த்தேன். தட்டினேன். எழுத்துக்கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு பக்கமாகத் தாண்டினேன். மருமகள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு பட்டை வந்தது. பாதி பச்சை, பாதி மஞ்சள். நடுவில் ஒரு கோடு. கோட்டைத் தள்ளி புதுசுக்கு இடம் ஒதுக்கு என்றது. கையை எடுத்துவிட்டேன்.

ஓனர் சிரித்தார். "இன்னா ஆயா, வண்டி நின்னுபோச்சா?"

"இது வரப்பு மாதிரி கீது. அந்தாண்ட பச்சை யாருது?"

"என்னுதுதான். என் பழைய ஃபைலுங்க. மீதி காலியா கீது."

"காலியான்னா கேட்டேன்? உன்னுதுன்னா, எடுத்துக்கோன்னு நீ வாயால சொல்லணும். எங்க ஊர்ல ரெண்டு பக்கத்தாரும் நின்னு சொன்னாத்தான் வரப்புல மம்பட்டி வைப்போம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுத்துக்கோ ஆயா. ஆனா பச்சையில பாதிக்கு மேல வேணாம். அதுக்கு மேல போனா என் ஃபைலெல்லாம் பூடும்."

பாதிக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்தினேன். அப்புறம் மடை திறந்த வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி திரையில் இன்னொரு பட்டை மெல்ல மெல்ல நிறைந்தது. மழைச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றாகிவிட்டன. நான் விழித்திருந்தேனோ, கண்ணயர்ந்தேனோ. நிமிர்ந்தபோது திரையில் புது வெளிச்சம்.

"கண்ணை மூடிக்கினு தட்டுவாங்கன்னு சொன்னேன்," என்றார் ஓனர் மெதுவாக. "இவங்க கண்ணைத் தொறந்துக்கினு நிறுத்திட்டாங்க. மொத மாசம் படத்துல நடத்தும்மா. ரெண்டாம் மாசம் கறுப்புத் திரை. அதுவும் நீயே எடு."

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அத்தை" என்றாள், அவ்வளவுதான்.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? உங்கம்மா பெருமையை நீயா கூட்டி எழுதலையே? எங்க, மொதல்லேர்ந்து படி. கேக்கறேன்.