மாமா போட்ட வெரிகுட்

சுனாமிக்கு அடுத்த கோடை லீவில், "மாமாகிட்ட நாலு வார்த்த இங்கிலீஷ் கத்துக்கிட்டு வாடி" என்று அம்மா என்னைக் கடலூரிலிருந்து அண்ணாமலை நகருக்கு அனுப்பி வைத்தாள். மாமாவுக்குப் பல்கலைக்கழக ஆபீசில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவருக்கு என் வயதில் ஒரே பெண். அவள் இங்கிலீஷ் மீடியம். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு விளையாட அவளை விடமாட்டார்கள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் மாமா பத்து ஜோடி வாக்கியங்களை எங்கள் இருவர் நோட்டிலும் எழுதி வைத்துவிட்டு ஆபீஸ் போவார். 'அண்ட்', 'பட்', 'ஸோ', 'பிகாஸ்' என்று ஏதாவது போட்டு ஒவ்வொரு ஜோடியையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும். அவள் அரை மணியில் முடித்துவிடுவாள். சாயங்காலம் அவள் நோட்டில் சிவப்பு மையில் 'வெரிகுட்' விழும். என் நோட்டைப் பார்த்தால் மாமா தலையைத் தடவிக் கொடுப்பார்.

"ஒனக்கு இவ்ளோ வந்ததே ஜாஸ்திம்மா."

அதற்கு இரண்டு அடி போட்டிருக்கலாம். காது குத்தும்போது என்னை மடியில் உட்காரவைத்தவர் அவர். எனக்கு ஒரே ஒரு வெரிகுட் போட்டால் குறைந்தா போய்விடுவார்?

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் எழுதி வைத்திருந்த பத்தையும் அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ரப்பரை எடுத்து அவளுடையதில் ஆறை மாற்றினேன். 'அவனுக்குக் காய்ச்சல், பட் பள்ளிக்கூடம் போனான்' என்றிருந்ததில் 'பட்'டை அழித்து 'ஸோ' போட்டேன்.

சாயங்காலம் அவள் நோட்டைப் பார்த்ததும் மாமா ஸ்கேலை எடுத்தார். "காய்ச்சல் அடிச்சா அதுக்காவ பள்ளிக்கூடம் போவாங்களா?" உள்ளங்கையில் ஆறு அடி. அவள் நோட்டைப் பார்த்தாள். என் எழுத்து தாளையே கிழிக்கிற மாதிரி அழுந்தியிருக்கும், தெரியாமல் போகாது. என்னையும் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். மாமாவிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் நோட்டில் வெரிகுட் விழுந்தது. எனக்கு மனசு குளிரத்தான் செய்தது.

மறுநாள் காலை, கையை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் எத்தினி நாள் இருப்ப?"

எப்போது தொலைவேன் என்று நாள் பார்க்கிறாள் என நினைத்து, வேண்டுமென்றே, "லீவு முழுக்க" என்றேன்.

அவள் முகமெல்லாம் சிரிப்பானது. தன் நோட்டைத் திறந்து, நான் கேட்காமலேயே என் பக்கம் தள்ளி வைத்தாள். அடி வாங்கியும் இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.