கண்மாய்க்குள் ஒரு கோல் போஸ்ட்

கிராமத்து ஃபுட்பால் கிளப்புக்குச் செயலாளராக இருப்பவனுக்கு எதிரணியைப் பற்றிக் கவலைப்பட நேரமே கிடைக்காது. பந்தில் காற்று நிற்காது, லெஃப்ட் பேக் சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பான், நடுவர் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். இதெல்லாம் உங்களுக்கும் உண்டு, தெரியும். எனக்குக் கூடுதலாக ஒரு கவலை இருக்கிறது. எங்கள் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். சமதளமாக இருக்கிற இடத்தில் எல்லாம் நெல், தென்னை, திராட்சை. சும்மா கிடப்பது ஊர்க் கண்மாய் ஒன்றுதான். அது வற்றியதும் உள்ளே இறங்கிக் கருவேலங்கன்றுகளைப் பிடுங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோல் போஸ்ட் நடுவோம். தண்ணீர் வந்தால் போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுவோம்.

கிரவுண்டு எங்கே?

தேவதானப்பட்டி அணி முதல் தடவை வந்தபோது அவர்கள் கேப்டன் கரைமேல் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தான். "அண்ணே, கிரவுண்டு எங்கன இருக்கு? இங்கன கண்மாய்தான் தெரியுது." அப்படியே கீழே இறங்கி வா என்றேன். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

கூட வந்த நடுவர் மரியாதையான மனிதர். மைதானத்தை ஒரு சுற்று நடந்தார். வெடித்த மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார். கண்மாய் கரையை நோக்கிச் சரிந்து கிடப்பதால் எங்களுக்கு மேட்டு கோல், பள்ளத்து கோல் என்று இரண்டு உண்டு. பள்ளத்து கோலுக்குப் பின்னால் மடை. மடைக் கல்லில் தண்ணீர் அளவுக்குக் கிழித்த கோடு அவர் தலைக்கு மேலே இருந்தது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எத்தனையோ கிரவுண்டுல விசில் ஊதியிருக்கேன் சார். நீச்சல் தெரியுமான்னு என்னைய நானே கேட்டுக்கிட்டது இன்னைக்குத்தான்."

இரண்டு மனு

எங்கள் கோல்கீப்பர் செல்வம்தான் ஊருக்கு நீர்பாய்ச்சி. வாய்க்கால் ஷட்டரைத் திறந்து கண்மாய்க்குத் தண்ணீர் விடுவதும், மடை திறந்து வயலுக்கு வயல் பிரித்துவிடுவதும் அவன் வேலை. கண்மாய் வற்றினால் அவனுக்கு வேலை இல்லை, பந்து பிடிப்பான். நிறைந்தால் வேலை உண்டு, பந்து பிடிக்க இடம் இல்லை. மேற்கே மலையில் மேகம் கூடினால் போதும், உடனே அவனுக்குப் போன் போடுவேன். அவனும் என்ன செய்வான், பாவம்.

இதில் இன்னொரு சிக்கல், எனக்கும் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் வயல் இருக்கிறது. இந்த வருஷம் நாற்றுப் பாவிய பிறகு கிணறு கையை விரித்துவிட்டது. என் மனைவி தினமும் விளக்கேற்றி, தண்ணீர் சீக்கிரம் வரவேண்டும் என்று கும்பிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்த பிறகு வரட்டும் என்று நானும் கும்பிட்டேன். வாய்விட்டுக் கும்பிட்டதுதான் தப்பு. அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஒரே வீட்டுலருந்து ரெண்டு மனு போனா சாமி ரெண்டையும் தூக்கி ஓரமா வச்சிரும், பாத்துக்கங்க."

முறை

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். கிளப் தொடங்கியதிலிருந்து நாங்கள் அந்த வாசலை மிதித்ததில்லை. எதிரணி, வாய்க்காலில் எங்களுக்கு அடுத்த கண்மாய்க்காரர்கள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வியாழக்கிழமை சேதி வந்தது. வாய்க்கால் தண்ணீரை ஊருக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொள்கிற முறையில் எங்கள் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. எங்கள் ஷட்டர் மூடியிருந்தால் தண்ணீர் சும்மா நிற்காது, நேராக அடுத்த கண்மாய்க்குப் போய்விடும்.

சாவடியில் பாசனக்காரர்கள் கூட்டம். மேட்ச் முடியும் வரை ஷட்டரைத் திறக்க வேண்டாம் என்று கேட்க எழுந்தேன். இழுத்து இழுத்துக் கேட்டு முடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்டக்காரர்களின் அப்பாக்கள். பாசனத் தலைவர் கருப்பையா மாமா மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "ஆடிக்கங்க மாப்ள. விசில் ஊதுன கையோட தண்ணி உள்ள எறங்கணும். காஞ்சு கெடக்கதுல ஒன் நாத்தும் இருக்கு, மறந்துறாத."

அவசரமில்லாத ஆட்டம்

அடுத்த கண்மாய்க்காரர்கள் விவரமானவர்கள். ஒரு த்ரோ போடுவதற்குள் பந்தை மூன்று பேர் துடைத்தார்கள். ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். எங்கள் ஊரே கரைமேல் நின்றது, ஆனால் பந்தைப் பார்த்தவர் குறைவு. எல்லாரும் திரும்பி நின்று, ஷட்டரைத் தாண்டி ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லி நடுவரைச் சத்தம் போட்டது எங்கள் ஆட்கள்தான்.

கடைசி நேரத்தில் அவர்கள் கேப்டன் கால் பிடித்துக்கொண்டது என்று விழுந்தான். முதலுதவிப் பையோடு ஓடியதும் நான்தான். ஐஸ் வைத்துத் தேய்த்தேன். அவன் கண்ணை மூடியபடி மெதுவாகச் சொன்னான்: "அவசரப்படாமத் தேய்ங்கண்ணே. எங்க ஊருக்குத் தண்ணி நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு."

குலவை

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. கூடுதல் நேரம் ஆட வேண்டும் என்றார் நடுவர். கரையில் கூச்சல் கிளம்பியது. கருப்பையா மாமா என்னையும் ஷட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வம் கையுறையோடு என் முன்னால் வந்து, "என்னண்ணே செய்ய?" என்றான். திறந்துவிட்டு ஓடி வா என்றேன். வெடித்துக் கிடக்கிற தரை முதலில் வருகிற தண்ணீரைக் குடித்துவிடும், அதற்குள் ஆடி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஒன்றை மறந்துவிட்டேன். களைத்த காலுக்குச் சரிவு உதவும் என்று பின்பாதியில் பள்ளத்து கோலை நோக்கி ஆடுவது எங்கள் வழக்கம். கூடுதல் நேரத்துக்கும் டாஸில் ஜெயித்த எங்கள் பையன், பழக்கதோஷத்தில் பின்பாதிக்குப் பள்ளத்து கோலையே கேட்டு வாங்கினான். தண்ணீரும் அதே சரிவில்தான் இறங்கும். ஆட்டு மந்தை போய்ப் போய் விழுந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் பள்ளத்து கோலுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. எங்கள் ஃபார்வர்ட் பிரபு அடித்த பந்து அவர்கள் கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. நான் கையைத் தூக்கிவிட்டேன். பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீரில் நின்று, அசைந்து, அப்படியே மிதந்தது.

அதே நேரம் கரையில் குலவைச் சத்தம். தண்ணீரை வரவேற்கப் பெண்கள் பூவோடு இறங்கி வந்தார்கள், பின்னால் ஊரே வந்தது. மைதானம் ஆடுகிற நிலையில் இல்லை, அது உங்கள் பொறுப்பு என்று எங்களிடம் சொல்லி நடுவர் வெற்றியை அவர்களுக்குக் கொடுத்தார். பிரபு தண்ணீரில் உட்கார்ந்து அழுதான். அவன் அப்பா பக்கத்திலேயே நின்று, தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். பிரபுவின் தோளைப் பிடித்துத் தூக்கினேன். ஆனால் நாற்றுப் பிழைத்தது என்ற நினைப்பும் கூடவே வந்து நெஞ்சு லேசானது. எதற்கு இது லேசாகிறது என்று என்மேலேயே கோபம் வந்தது.

கைகொடுக்க வந்த அவர்கள் கேப்டனுக்கு ஊரிலிருந்து போன். கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டான்: "எங்கூருக்குத் தண்ணி நின்னுபோச்சாம்ணே. ஜெயிச்சதை நீங்களே வச்சுக்கிட்டு ஷட்டரை மூடுவீகளான்னு பெரியாளுக கேக்கச் சொல்றாக."

மற்ற கிளப்புகள் எதிரணியிடம் தோற்கும், ஊரே கும்பிட்டு வரவழைத்த தண்ணீரிடம் தோற்கிற கிளப்பின் செயலாளர் மட்டும் பையன்களுக்கு ஆறுதல் சொல்லவும் அவர்களின் அப்பாக்களோடு சேர்ந்து சிரிக்கவும் ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கிறது.