கடைசி அடியில் நான் காட்டிய கண்ணன்

நான் காட்டிக்கொடுத்தவள். மாரிச்செல்வியை, மேடையில், அத்தனை பேர் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள்...

தென்காசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து பரதநாட்டிய வகுப்பு நடத்தினோம். ஊருக்கு நாங்கள் தோழிகள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளை நான் காதலித்தேன். அவளும் என்னை.

நாட்டியத்தில் அபிநயம் பிடிக்கும் பழைய பதப் பாட்டுகளில் பெண்ணின் ஆசை ஒளிவுமறைவில்லாமல் இருந்தது; வெள்ளைக்காரன் முகம் சுளித்தான் என்று அதைக் கழுவித் துடைத்து வெறும் பக்தியாக்கிவிட்டோம். மாணவிகளிடம் இதைத் தொண்டை கட்டும் அளவுக்குப் பேசுவேன். அந்த வெட்கம் நம்முடையதல்ல, தூக்கி எறியுங்கள் என்பேன்.

அப்படித்தான் புதிதாக ஒரு பதம் அமைத்தோம். வழக்கமாக நாயகி தலைவனுக்காக ஏங்குவாள், தோழி தூது போவாள். எங்கள் பதத்தில் தலைவனே கிடையாது. கடைசி அடியில், தன் மனத்தில் இருப்பது யார் என்று நாயகி சொல்லும் இடத்தில், நாயகியாக ஆடும் நான், தோழியாக ஆடும் செல்வியின் முகத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சீசன் நேரத்து மேடை. கடைசி அடி வந்தபோதுதான் பார்த்தேன்... முன்வரிசையில் என் அண்ணன்! போலீஸ்காரன். வருவதாகச் சொல்லவே இல்லை.

செல்வியை நோக்கிப் போன என் கை பாதியில் நின்றது. பிறகு என் உதட்டருகே வந்து புல்லாங்குழல் பிடித்தது. கண்ணன்! அந்த ஒரு நொடியில் செல்வி வெறும் தூதுக்காரி ஆகிவிட்டாள்.

பயமா? பயம்தான். ஆனால் அண்ணனுக்கு நாட்டியம் என்ன தெரியும்? முகத்தைத் தொட்டிருந்தாலும் ஆட்டத்தில் அதுவும் ஒன்று என்று இருந்திருப்பான்...

உடை மாற்றும் அறையில் செல்வி சலங்கையை அவிழ்க்காமல் நின்றாள்.

"எங்க அண்ணன் வந்திருந்தான்ட்டி," என்றேன்.

"எங்க அம்மையுந்தான் வந்திருந்தா. நேத்தே நம்ம விஷயத்தைச் சொல்லிட்டேன். அவ நம்பல. வந்து பாரு, கடைசியில இவ யாரைக் காட்டுதான்னு பாருன்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

அவள் அம்மா புல்லாங்குழலைப் பார்த்தாள். மகள்தான் ஏதோ பிதற்றுகிறாள், மற்றவளுக்கு அப்படி ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினாள். அந்த ஆவணியிலேயே வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். செல்வி இப்போது ஆடுவதில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

நான் மட்டும் வகுப்பு நடத்துகிறேன். வெள்ளைக்காரன் தந்த வெட்கத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறேன். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

போன வாரம் சுரண்டை பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா என்னைக் கண்டதும் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ கிருஷ்ணரைக் காட்டலன்னா நான் என்ன ஆயிருப்பேனோ தாயி. என் வயித்துல பாலை வார்த்தே. நீ நல்லாயிருக்கணும்."

"சரிம்மா," என்றேன்.

இத்தனையும் உங்களிடம்தான் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.