சுடுதண்ணீர் வாய்க்காலில் கொக்குகள்

மனைவி இறந்துபோன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் வேலை பார்க்கும் ராயபுரம் மளிகை மொத்தக் கடைக்கு அன்று விடுமுறை. கடைக்கு வரும் ஒருவர் எண்ணூர் கழிமுகத்தில் பறவை எண்ணும் குழுவில் இருந்தார். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை என்றார். அதனால்தான் போனேன்.

வேலை சுலபம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, தெரிகிற பறவைகளை எண்ணி, போனில் ஏற்ற வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பறவைகளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்ததாக ஞாபகமில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

எங்களைப் படகில் கொண்டுபோனவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைவிட இளையவர். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். சேற்றுத்திட்டை மேடாக்கி ரோடு போடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். எங்கள் கணக்கையும் அங்கே கொடுப்பதாக இருந்தது. திட்டு போனால் வலை போட இடமில்லை. ஆறு ஏற்கெனவே கெட்டுவருவதை அந்தக் கணக்கு காட்டும், ரோடு வராது என்று அவர் ரொம்ப நம்பியிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, பக்கத்து அனல்மின் ஆலையின் சுடுதண்ணீர் வந்து விழும் வாய்க்கால் ஓரம் முழுக்கக் கொக்கும் நாரையும். அதுவரை அத்தனை பார்த்ததில்லை. தண்ணீரில் மடவை மீன் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. பறவைகள் நின்ற இடத்திலேயே கொத்தித் தின்றுகொண்டிருந்தன. நான் எண்ணி முடித்ததும் படகுக்காரர் என் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, இத்தினி போட்டுக்கீற? கம்மியா போடு. இம்மாங் கொக்கு வருதுன்னா ஆத்துக்கு இன்னா கொறச்சல்னு கேப்பானுங்க."

பார்த்ததைத்தான் போட வேண்டும் என்றேன்.

"நீ கொக்கப் பாத்துக்கினு கீற. நான் மீனப் பாக்குறேன். அத எவன் போடுவான்?"

போனில் இருந்த படிவத்தில் மீனுக்கு இடமில்லை. கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. மீன் செத்து மிதக்கிறது, பறவைகள் அதைத் தின்ன வந்தவை என்று எழுதி, எண்ணை மாற்றாமல் அனுப்பினேன். அவர் துடுப்பை எடுத்துக்கொண்டார். படகைக் கரைக்குத் திருப்பினார்.

கூட்டத்தில் ஓர் அதிகாரி எண்ணை மட்டும் வாசித்தார். பறவைகள் நன்றாகவே வருகின்றன என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இருந்தும் எழுந்து, கீழே ஒரு குறிப்பு இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னார்கள். பிறகு வாசித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பின்வரிசையில் கூச்சல் எழுந்துவிட்டதால் சரியாகக் கேட்கவில்லை. படகுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. எழுந்து வெளியே போனார்.

திட்டை மேடாக்க மண் லாரிகள் வந்துவிட்டன. அவர் படகை விற்றுவிட்டு இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். ஒருமுறை டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

"இன்னாண்ணே, இன்னும் எண்ணிக்கினு கீறியா?" என்றார். ஆமாம் என்றேன். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

படகு இல்லாததால் இப்போது கழிமுகத்துப் பாலத்தில் நின்று எண்ணுகிறோம். அங்கிருந்து பறவைகள் தெரிகின்றன. தண்ணீரில் மிதப்பது எதுவும் தெரிவதில்லை. குறிப்புக் கட்டத்தில், பாலத்திலிருந்து எண்ணியது என்று மட்டும் எழுதுகிறேன்.