பெயரை மறுத்த பயணி

இந்த நாட்டில் எல்லோரும் என்னை, என்னைப் பெற்ற ஐயாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கந்தையா என்று இருப்பதால், வங்கியிலும் வேலைத்தலத்திலும் நான் மிஸ்டர் கந்தையா. லண்டனுக்கு வந்த புதிதில், எங்கள் ஊர் புளியங்கூடலிலிருந்து ஐயா எப்போது வந்து இறங்கினார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழக யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் தங்கைக்கு இங்கே தலைப்பிரசவம். துணைக்கு அம்மா தனியாக விமானம் ஏறினார். வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். இங்கே கடைசிப் பயணி வெளியே வந்த பிறகும் அம்மாவைக் காணவில்லை. விமானக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மூச்சுக்கு ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். தொலைபேசியில் விசாரித்துவிட்டு, "அந்த அம்மையார் தன் பெயரையே மறுக்கிறாராம்" என்றாள்.

கடவுச்சீட்டில் இருப்பது மிஸிஸ் எஸ். கந்தையா. விமானம் மாறும் இடத்தில் "கந்தையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா இல்லையென்று தலையாட்டியிருக்கிறார். அப்படியென்றால் கடவுச்சீட்டு வேறு யாருடையதோ என்று சந்தேகப்பட்டு, கொழும்புக்குத் திருப்பி அனுப்ப ஆயத்தம் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை என்று விளக்கினேன். அவள் குரலைத் தாழ்த்தி, "பெற்றோருக்குள் ஏதும் மனக்கசப்பா?" என்று கேட்டாள். ஐயா சாப்பிடாமல் ஒரு வாய் சோறு தொடாத மனுஷிக்கு மனக்கசப்பாம்! ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் தாதி புருஷன் பெயரைக் கேட்டால், அம்மா பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். அவர் சொல்லிவிடுவார். அங்கே பக்கத்தில் எப்போதும் யாராவது நின்றார்கள்.

அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது, ஆனால் இரக்கக்காரி. அந்த விமான நிலையத்தோடு இணைப்பு எடுத்துத் தந்தாள். நான் சொன்னால் செல்லாதாம், பயணி தன் வாயால் பெயரைச் சொல்ல வேண்டுமாம். மறுமுனைக்கு அம்மா வந்தார்.

"தம்பி, உவங்கள் அவரின்ரை பேரையெல்லோ கேக்கிறாங்கள். நான் எப்பிடியடா சொல்லுறது?"

"ஒருக்கால் சொல்லுங்கோ அம்மா. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். தங்கச்சி உங்களை நம்பியெல்லோ இருக்கிறாள்."

"ஏலாதடா. சொன்னால் அந்தாளின்ரை ஆயுளெல்லோ குறையும்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது, தள்ளி நின்று அம்மா யாருக்கோ சொல்வது கேட்டது. "கந்தையா." கூடவே ஒரு விம்மல். பிறந்த நாள் தொட்டு அந்தக் குரலில் நான் கேட்டிராத சொல். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. முறைப்பாட்டுப் பெண் சிரித்தபடி பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்துவிட்டது.

மறுநாள் அம்மா வந்து சேர்ந்தார். பஸ்ஸில் யன்னலோரம் இருத்தினேன்.

"தம்பி, அங்கை சொன்னது ஊரிலை அவருக்குக் கேட்டிராதுதானே?"

"கேக்காதம்மா. எவ்வளவு தூரம்."

தலையாட்டினார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பி, மெதுவாக இன்னொருக்கால் சொல்லிப் பார்த்தார். நான் கேளாத மாதிரி இருந்தேன்.